சோளக்காட்டில் நான் போட்ட கூச்சல்

மூன்று வருடங்களுக்கு முன், திருவிழாவுக்காகக் கொல்லிமலையிலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். ஊரில் சிக்னல் கிடைக்காது. சோளக்காடு பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான் போன் பேச வேண்டும்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். ஹீலியத்தை மைனஸ் இருநூற்று எழுபது டிகிரிக்கும் கீழே குளிர்வித்து நுண்துளிகளாக்கி, அவற்றுக்குள் மூலக்கூறுகளைக் கூட்டமாகச் சேர்த்து எலக்ட்ரானால் அடிப்போம். அடிபட்டதும் அவை என்னவாக மாறுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. அதில் இதுவரை யாரும் சொல்லாத ஒரு புதுப் பொருள் உருவாவதை நான் பார்த்திருந்தேன். அன்று மாலை கட்டுரை பத்திரிகைக்குப் போக வேண்டும். என் டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

அதற்காகப் போன் பேச பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்ற நேரம் பார்த்து ஆய்வகத்திலிருந்து ஜூனியர் பெண் கூப்பிட்டாள். மலையடிவாரத்து ஊர்க்காரி.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நான் திரும்ப ஓட்டிப் பாத்தனுங்க, அந்தப் புதுப் பொருள் வரவே இல்லீங்க. உள்ள ஈரம் இருந்திருக்குமோ என்னமோ. நீங்க மெஷினச் சூடு பண்ணிட்டுத்தானே ஓட்டுனீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்லித் தர்றியா? மெஷினக் கெடுத்து வெச்சுட்டு என்னையே கேள்வி கேக்கறியா?" என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பக்கத்தில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள சொல்றதயும் கொஞ்சம் கேளுங்க சாமி" என்றார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

உண்மை என்ன தெரியுமா? இயந்திரத்தை ஒரு நாள் முழுக்கச் சூடேற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் துளிகள் போகிற வழியில் தண்ணீரையும் விழுங்கிக்கொள்ளும், அதுவும் சேர்ந்து வினைபுரியும். அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. செய்ததாகக் குறிப்பேட்டில் பொய் எழுதி வைத்திருந்தேன். என் புதுப் பொருள் அந்தத் தண்ணீரால் வந்ததுதான் என்று அவள் கேட்ட அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் அத்தனை கூச்சல். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அரை மணி நேரம் கழித்துப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, என் புரட்டையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது, அது கூட வலிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை.

இன்றும் யாராவது என் வேலையில் குறை சொல்லி எனக்குக் கோபம் தலைக்கேறினால், அவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்றுதான் முதலில் பயம் வருகிறது.