தம்பி அடைத்த தோட்டா

என் அண்ணனை முடவனாக்கியது காட்டுப்பன்றி அல்ல. நான்தான்!

வேண்டுமென்றே செய்தேன். கைத்தவறு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீங்களும் எனக்காக இரக்கப்பட்டு அப்படி நினைத்துவிடாதீர்கள்.

எல்லாம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்காக. ராமநாதபுரத்துப் பக்கம் என் கொள்ளுத்தாத்தா வேட்டைக்குத் தூக்கிப்போனது. தாத்தா வழியாக அப்பாவிடம் வந்தது. அப்பாவோடு தீவுக்குக் கப்பலேறி, சௌல்தாரி கிராமத்தில் எங்கள் நெல்வயலைப் பன்றிகளிடமிருந்து காத்தது. தீவின் இந்தியில் அதற்குப் பெயர் பந்தூக். தேய்ந்து வழவழத்த அதன் கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடப்பேன். கட்டிய மனைவி மீதுகூட எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை!

அது மூத்தவனுக்கே உரியது. ஆனால் அப்பா பார்க்க, ஒற்றைத் தோட்டாவில் அவன் ஒரு பன்றியை வீழ்த்த வேண்டும். அந்தத் தோட்டாவை உடன்பிறந்தவன்தான் அடைத்துத் தர வேண்டும். பித்தளைக் கூட்டில் மருந்து, மேலே ஈயக்குண்டுகள், வாயை மூட ஓர் அட்டை. வாங்குகிறவன் அதைக் கையில் வைத்து எடை பார்க்கக் கூடாது. பார்த்தால் அடைத்தவனுக்கு அவமானம். எங்கள் குடும்ப வழக்கம் அது.

ஈயக்குண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான் நெல்லை நிரப்பினேன்.

அண்ணன் தோற்றால் துப்பாக்கி எனக்கு... பன்றி திரும்பிப் பாயும் என்று தெரியாதா? தெரியும்! அந்தக் காட்டோரத்தில் வளர்ந்தவன் நான்.

அண்ணன் தோட்டாவைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டான். வரப்பில் நின்று சுட்டான். சத்தம், புகை... பன்றி விழவில்லை. நேரே வந்து அவன் தொடையைக் கிழித்தது. அரிவாளோடு ஓடி அதை விரட்டிய அப்பா, ரத்தத்தில் கிடந்த மகனைப் பார்த்துக் கத்தினார்.

"கை நடுங்குற பயலுக்கு பந்தூக் ஒரு கேடா?"

நான் அவன் தொடையில் துண்டைக் கட்டினேன். அழவும் செய்தேன். உள்ளுக்குள் மகிழ்ச்சி தாங்கவில்லை... சீ!

அப்பா போன பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. அண்ணன் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் ஒரு கிடங்கின் காவலாளி ஆனான். கால் போனதுகூடப் பெரிதில்லை. தன் கை நடுங்கும் என்று நம்பிவிட்டான்! பெற்ற மகனைக் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அவன் தூக்கவில்லை. "நீயே வச்சுக்க, நான் கீழ போட்டுருவேன்" என்பான் அண்ணியிடம்.

அன்று அவன் கை நடுங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைதோறும் விந்தி விந்தி வந்து, துப்பாக்கிக்குச் சந்தனப் பொட்டு வைப்பவன் அவன்தான். இந்த முறை பொட்டு வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"தம்பி, நீ பக்கத்துலதான நின்ன... நெசமாவே என் கை நடுங்குச்சாடா?"

சொல்லியிருக்கலாம். அவனே கதவைத் திறந்துவிட்டானே...

"நடுங்குச்சுண்ணே."

தலையாட்டிக்கொண்டான். பிறகு என் ஒரே மகனைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டான்.

"அடுத்து பந்தூக் இவனுக்குத்தான? இவனுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. தோட்டாவ எம்மவன் அடைச்சுக் குடுக்கட்டும், தம்பி."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அண்ணன் மகன் துப்பாக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையை நான் அறிவேன்!

தோட்டாவை எடை பார்த்து வாங்கு என்று என் மகனிடம் சொல்ல வேண்டும். எத்தனையோ முறை வாயெடுத்துவிட்டேன்... ஏனப்பா என்று கேட்பானே!