வெள்ளைவிழி சிவந்த சாரல்

கண் வார்டு நர்ஸ் வேலையில் முதலில் பழக வேண்டியது, எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நம் கண்ணில் பயம் தெரியாமல் நிற்பது. ஒரு தூசி விழுந்தாலே ‘போச்சு, இனி அவ்வளவுதான்’ என்று நடுங்குகிற ஆளா நீங்கள்? கூச்சப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். என்ன, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நடுங்கினேன். 1950களின் கடைசியில் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. கண்ணுக்கென்று ஒரே வார்டு, ஒரே டாக்டர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வார்டுச் சுவரிலும் ஈரம் ஏறிவிடும். அப்படி ஒரு சாரல் காலத்தில் நடந்தவை இவை.

பீளை தள்ளாத கண்

சைனம்பு அக்கா கடையநல்லூரிலிருந்து கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கணவர் மைதீன் தறி நெய்கிறவர், அவள் நூல் சுற்றிக் கொடுப்பவள். நாற்பது வயதிருக்கும். இடது கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவந்திருந்தது. வழக்கமான கண்வலிச் சிவப்பு இல்லை, கன்றிப்போன நாவல்பழத் தோல் மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. தாய்ப்பால் விட்டார்களாம், நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினார்களாம். எதற்கும் அடங்கவில்லை. பீளையும் இல்லை, இமை ஒட்டவும் இல்லை.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தன. இது தொற்றுகிற கண்வலி இல்லை, மூட்டுகளைப் பிடித்த வாதம் கண்ணின் வெள்ளைச் சுவரையும் பிடித்திருக்கிறது, அலட்சியமாக விட்டால் பார்வை போய்விடும் என்றார். கைவலிக்காரிக்குக் கண் போகும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. வலி கண்ணிலா, அதைச் சுற்றியா என்று கேட்டபடி நெற்றிப்பொட்டை லேசாகத் தொட்டேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

“கண்ணா மண்டையான்னு கேக்காதிய நர்ஸம்மா. தாடை வரைக்கும் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு, எங்கன ஆரம்பிச்சுதுன்னு எனக்கே மறந்து போச்சு.”

வராந்தாக் கட்டில்

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றால் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் பை வைத்து அசையாமல் படுக்கப் போட்டுவிடுவோம். அப்படிப் படுத்திருந்தவர்களில் ஒருவர் வீரகேரளம்புதூரில் விவசாயம் பார்த்த சம்சாரி பேச்சிமுத்து அண்ணாச்சி. அவர் மனைவி வள்ளியம்மை, சைனம்பு அக்காவின் கண்ணைப் பார்த்த நிமிஷமே வாசலில் போய் நின்றுகொண்டாள். அந்தக் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும், என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். ஒட்டாது என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மற்ற நோயாளிகளின் வீட்டாரும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அக்காவின் கட்டில் வராந்தாவுக்குப் போனது. சாரல் அடிக்காமல் இருக்க ஒரு மூங்கில் தட்டியைக் கட்டினோம்.

வார்டு சிப்பந்தி ஆறுமுகத்துக்கும் அதே பயம். கஞ்சி கொண்டுபோகும்போது தட்டியைத் தாண்டியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, குத்துமதிப்பாக நடப்பார். ஒருநாள் கட்டில் காலில் இடித்துக் கஞ்சி அத்தனையும் அக்கா மேலே கொட்டிவிட்டது. நான் ஓடினேன். நல்லவேளை, ஆறின கஞ்சி. அத்தனை வலியிலும் அக்கா நிதானமாகச் சேலையை உதறினாள்.

“அண்ணாச்சி, நீங்க கண்ண மூடிக்கிட்டு வந்தா என் நோவு ஒட்டாது, சரிதான். கஞ்சி முழுக்க என் சேலையிலல்லா ஒட்டுது.”

எண்ணெய்க்காரர்

குற்றாலத்து ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கி ஒருநாள் காலையில் ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் நானே ஒரு அடி பின்னால் போனேன். ஒரு கண்ணின் வெள்ளையில் பாதி, ரத்தத்தை ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. வலி கொஞ்சமும் இல்லையாம். யாரோ சொல்லித்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இருமினதில் ஒரு சின்ன ரத்தக் குழாய் உடைந்திருக்கிறது, தானாகக் கரைந்துவிடும், மருந்தே வேண்டாம் என்று அனுப்பினார். பார்க்கப் பயங்கரமாக இருப்பது ஒன்றும் செய்யாது என்பதும், வராந்தாவில் கருஞ்சிவப்பாகக் கிடப்பதுதான் ஆளை விழுங்கும் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அது பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. இசக்கி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

“கண்ணுக்கு மருந்து வேண்டாம், சரி சிஸ்டர். என்னையப் பாத்ததும் ஓடுதானுவளே, அவனுவளுக்கு ஏதாச்சும் மருந்து குடுங்க.”

நீலம்

சைனம்பு அக்காவுக்கு ஒரு வாரம் ஒத்தடமும் சொட்டு மருந்தும் ஆஸ்பிரினும் கொடுத்தோம். சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. நான் சந்தோஷப்பட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் அக்காவை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, இமையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புக்கு நடுவில் ஓரிடத்தில் நீலம் தெரிந்தது. வெள்ளைச் சுவர் தேய்ந்து மெலிந்து, உள்ளிருக்கும் கறுப்பு நீலமாகத் தெரிகிறது என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஓங்கி ஒரு அடி பட்டால் கண் உடைந்துவிடும். அப்போது புதிதாக வந்திருந்த கார்ட்டிசோன் மாத்திரைதான் ஒரே வழி. அது எங்களிடம் இல்லை. தென்காசிக் கடைகளிலும் இல்லை.

மைதீன் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். மழைக்கு ஆலங்குளத்துப் பக்கம் மரம் விழுந்து பாதை அடைத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. அன்று அவர் திரும்பவில்லை. தகரத்தில் ஒரு மூடி செய்து அக்காவின் கண்மேல் வைத்துக் கட்டினேன். ஈரக்காற்றில் அவளுக்குத் தும்மல் வந்தது. அவள் ஒவ்வொரு முறை தும்மும்போதும் நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். விழி ஆடாமல் இருக்க நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. துணியை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீங்கின விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“அதக் கட்டாதிய நர்ஸம்மா. நான் பயந்துக்கிடுதேன், ஆனா பாத்துக்கிட்டே பயந்துக்கிடுதேன்.”

என் கண்

மறுநாள் மைதீன் மாத்திரையோடு வந்து சேர்ந்தார், முழங்கால் வரை சேறு. அந்த நிம்மதியோடு தூங்கி எழுந்தால், என் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெந்நீரில் கழுவித் திறந்தேன். இரண்டு கண்ணும் சிவப்பு. இது பீளை தள்ளுகிற, ஊரெல்லாம் ஒட்டுகிற அசல் கண்வலி. சீசனுக்கு வந்த வெளிநோயாளி யாரோ கொடுத்தது. டாக்டர் என்னை வார்டுப் பக்கமே வரக் கூடாது என்று குவார்ட்டர்ஸுக்கு விரட்டினார். என் கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பேச்சிமுத்து அண்ணாச்சியின் கண்கட்டை மாற்றியவள் நான்; ஆபரேஷன் செய்த கண்ணில் இது ஒட்டினால் பார்வையே போய்விடும். கையைக் கழுவினேனா, நன்றாகக் கழுவினேனா, சோப்பு போட்டேனா என்று நினைத்து நினைத்தே உடம்பு கொதித்தது. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அதிலும் சோப்புதான் வந்தது.

அண்ணாச்சியின் கட்டு அவிழ்க்கிற நாளில் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டிலிருந்து சத்தமே இல்லை. அப்புறம் வள்ளியம்மை மழையில் நனைந்தபடி என் ஜன்னலைப் பார்த்து வந்தாள். தூரத்திலேயே நின்றுவிட்டாள். அழுதிருந்தாள்.

“கட்டவுத்ததும் என்னையப் பாத்து, ‘ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட’ன்னாக. பயத்துல நான் சோறு திங்காததக் கண்டுபிடிச்சுட்டாக நர்ஸம்மா, அப்ப கண்ணு நல்லாத் தெரியுதுலா.”

வீட்டுக்குப் போன அன்று

மாத்திரை வேலை செய்தது. முதலில் வலி விட்டது. அக்கா பகலெல்லாம் தூங்கினாள், விடுபட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்குகிறவள் மாதிரி. பிறகு சிவப்பு மெல்ல வடிந்தது. பார்வையில் கொஞ்சம் மங்கல் விழுந்தது, ஆனால் போகவில்லை. நீலம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இனி அது வெள்ளையாகாது என்றார் டாக்டர்.

புறப்படும் அன்று அவர் எதையும் மறைக்கவில்லை. கை கால் வலி கூடுகிறபோதெல்லாம் இது திரும்ப வரலாம், அடுத்த கண்ணிலும் வரலாம், சின்னச் சிவப்பு தெரிந்தாலும் ஓடி வர வேண்டும் என்றார். மைதீன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்கும், இவ்வளவு பாடுபட்டும் கைக்கு வந்தது மறுபடி பயம்தானா என்று இருந்தது. அக்காதான் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் படியிறங்கினாள்.

“வந்தா வரட்டும் டாக்டரய்யா. போன தடவ என்ன நோவுன்னே தெரியாமப் பயந்தேன், அடுத்த தடவ பேரு தெரிஞ்சுல்லா பயப்படுவேன்.”

பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும், பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர் யாராக இருந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய வெள்ளைவிழியைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறேன்.