மொட்டைமாடிக்குப் போகிற வழி

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிற லிஃப்ட்காரரைப் பற்றி யாராவது கேட்டால் நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வேன். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வது எனக்குச் சிரமமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து, "அருமை, அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே என் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை அழுத்துகிற பிழைப்பு.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். பொத்தானை ஒரே தடவைதான் அழுத்துவார். திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு உடம்பு கூசும். யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டால் கதவைத் திறக்க ஓடமாட்டார். வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சாப்டாச்சா? வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று நிதானமாக விசாரிப்பார். உள்ளே இருக்கிறவர் பயத்தை மறந்து எரிந்து விழ ஆரம்பித்த பிறகுதான் சாவியை எடுப்பார். "பயந்தவங்க கதவு தொறந்ததும் குதிப்பாங்க. கோவப்பட்டவங்க ஒழுங்கா நடந்து வருவாங்க" என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

வேலையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மாடியிலும் பலகை மாட்டுவார். "பழுது. படியில் செல்லவும்." பலகை தொங்கிவிட்டால், அவரைப் பொறுத்தவரை, கட்டடத்தில் எல்லோரும் பத்திரம். லிஃப்டில்தான் ஆபத்து, படிக்கட்டில் என்ன ஆபத்து? அங்கே ஆட்களை அனுப்பிவிட்டு அவர் நிம்மதியாக வேலை பார்ப்பார். இத்தனை வருஷத்தில் இந்த நம்பிக்கை அவரை ஒரே ஒரு தடவைதான் கைவிட்டது. அந்தத் தடவை படிக்கட்டில் நான் இருந்தேன்.

அவர் மனைவிக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன்பே போய், சாயங்காலம் புருவத்தில் மாவோடு வருவார். ஒரே மகள். நாலு வயது. பம்பரம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நிற்கச் சொன்னால் ஓடுவாள், உட்காரச் சொன்னால் ஏறுவாள். ஊசி போட இரண்டு நர்ஸ் பிடிக்க வேண்டும். நான் அவளுக்குக் கார் அத்தை. நிறுத்தி வைத்திருக்கிற காரில் என் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருகுவாள். நான் யாரையும் திட்டாமல் கார் ஓட்டியது அவளோடு மட்டும்தான்.

நான் ஐந்தாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடி. என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வரும்போது வருவார். அந்த வருஷம் எனக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. டாக்டரம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், இதற்குப் பிறகு உடம்பு தாங்காது என்று. அதாவது இதுதான், இல்லாவிட்டால் இல்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "உங்களுக்குச் சின்னம்மை வந்ததே இல்ல. யாருக்காவது வந்திருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க." அன்றைக்கே கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். என் தொண்டைக்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை.

கொஞ்ச நாளில் பம்பரத்தை மழலைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் ஐந்தாவது மாடி லிஃப்டைவிட்டு வெளியே வராமலேயே லிஃப்ட்காரர் கத்தினார்.

"அக்கா! கதவத் தொறக்காதீங்க! பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு!"

"உங்களுக்கு?" என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"எனக்கும் வீட்டம்மாவுக்கும் சின்ன வயசுலயே வந்துட்டுதுக்கா. கொப்புளம் காயற வரைக்கும் பாப்பா வாசப்படி தாண்டமாட்டா. கிட்ட போனா அத்த வயித்துப் பாப்பாவுக்கு வலிக்கும்னு அவகிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். நான் லீவு போட்டுட்டேன்."

இதனால்தான் அவரை நல்ல மனிதர் என்கிறேன். மறைக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கண்ணில் நீர்கூட வந்தது. ஏழாம் மாதத்தில் அது எதற்கெடுத்தாலும் வரும்.

காய்ச்சல் இருந்தவரை பம்பரம் படுத்துக் கிடந்தாள். பிள்ளை எவ்வளவு சமர்த்து என்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டார்களாம். காய்ச்சல் விட்டது. அரிப்பு வந்தது, கூடவே தெம்பும் வந்தது. ஜன்னல் கம்பியில் ஏறினாள். சோபாவிலிருந்து குதித்தாள், குதித்ததை மறுபடி குதித்தாள். அப்பாவின் பெட்டியிலிருந்த திருகாணிகளையெல்லாம் அரிசி டப்பாவில் கொட்டிக் கலந்தாள். அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அரிப்புக்குப் பூசுகிற வெள்ளை மருந்தை எடுத்து அவர் முகம் முழுக்கப் பொட்டு வைத்தாள். கீழ் வீட்டில் இரவுக் காவல் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஆள் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். பம்பரம் அதை விளையாட்டு என்று நினைத்துப் பதிலுக்கு இடித்தாள்.

"வெளிய கூட்டிட்டுப் போகலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்" என்றார் லிஃப்ட்காரர்.

"கூட்டிட்டுப் போனா ஊர் பூரா பரப்பிட்டு வருவா" என்றார் மனைவி.

குழந்தை டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் இரண்டு பேருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். "ஆளே இல்லாத திறந்தவெளில கொஞ்ச நேரம் விளையாடட்டும், தப்பில்ல. ஆனா போற வழில, வர்ற வழில, யார் பக்கத்துலயும் போகக் கூடாது."

ஆளே இல்லாத திறந்தவெளி தலைக்கு மேலேயே இருக்கிறது. மொட்டைமாடி. வழிதான் சிக்கல்.

"அஞ்சாவது மாடியத் தாண்டித்தானே போகணும்?" என்றார் மனைவி. "அங்க யாரு இருக்காங்கன்னு தெரியும்ல?"

"அவங்க கிளாஸ் முடிச்சு இருட்டற நேரத்துக்குத்தான் வருவாங்க."

"எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

"கேட்டா வேணாம்னு சொல்லுவாங்க."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. விஷயத்தை லிஃப்ட் வேலையாக மாற்றிக்கொண்டார். லிஃப்ட் என்பது மூடின பெட்டி. அதில் பிள்ளையோடு யாரும் ஏறக் கூடாது. ஆக, எல்லா மாடியிலும் பலகையை மாட்டி, தன் சாவியைப் போட்டு, யார் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் நிற்காதபடி செய்து, பிள்ளையை நேரே மேலே கொண்டுபோவது. விளையாடியதும் அதேபோல் கீழே. பிறகு லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு, விசிறியை ஓடவிட்டு, நன்றாகக் காற்றாடிய பிறகு பலகையைக் கழற்றுவது. அப்பழுக்கில்லாத திட்டம். லிஃப்டில் போகிறவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

அன்றைக்கு என்னிடம் கடைசி வகுப்புக்கு வந்தவர் ஒரு வக்கீல். வண்டியை நடைபாதை மேல் ஏற்றிவிட்டு, நடைபாதை தப்பான இடத்தில் இருப்பதாக வாதாடினார். நான் அவரை அந்த நடைபாதையிலேயே இறக்கிவிட்டு, வெயில் தாழ்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் இரண்டும் பூசணிக்காய். லிஃப்டில் பலகை தொங்கியது.

போன் போட்டேன். எடுக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது. லிஃப்ட்காரன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடாதா, இதைச் சொன்னால் வெளியே சிரிக்கமாட்டார்களா, இந்த மனுஷன் லீவு போட்டு வீட்டில் என்னதான் கிழிக்கிறார் என்று ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு தவணையாகத் திட்டிக்கொண்டே ஏறினேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுத்தான். மூச்சு வாங்கியதே தவிர திட்டு நிற்கவில்லை.

நாலாவது மாடியைத் தாண்டியபோது மேலேயிருந்து அவர் குரல் கேட்டது.

"அக்கா! ஏறாதீங்க! ஏறாதீங்கக்கா!"

"ஏறாம? பறந்து வரவா?" என்றேன். ஏறினேன்.

என் குரல் அவருக்குக் கேட்டதுபோல் இன்னொருத்திக்கும் கேட்டிருக்கிறது. "கார் அத்த!" என்று ஒரு கூச்சல். கூடவே தடதடவென்று சின்னக் காலடி, இறங்கி வருகிறது. பின்னால் பெரிய காலடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி இறங்கப் பார்த்தேன். வயிறு திரும்புவதற்கே நேரம் எடுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினேன், அதற்குள் அவள் மேல் திருப்பத்தில் வந்து நின்றாள்.

முகம், கை, கால் எல்லாம் வெள்ளை மருந்துப் பொட்டு. இரண்டு கையையும் விரித்திருந்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு வரிசைப் படிதான். அந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் ஒரே தாவல்.

எனக்குக் குரல் வரவில்லை. என் வாழ்க்கையில் குரல் வராமல் போனது அந்த ஒரு தடவைதான். வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன், கை என்னவோ தடுத்துவிடப்போகிறதுபோல.

அவள் என் கையைப் பார்த்தாள். விரித்த கைகளை மடக்கி, வாயையும் மூக்கையும் இறுக்கப் பொத்திக்கொண்டாள். அப்படியே திரும்பி, சுவரில் நெற்றியை முட்டி நின்றாள். அசையவில்லை. பின்னால் ஓடிவந்த அவள் அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

நான் இறங்கினேன். மெதுவாகத்தான் முடிந்தது. அடுத்த திருப்பத்துக்கு வந்தபோது மேலேயிருந்து, பொத்தின வாய்க்குள்ளிருந்து கேட்டது.

"அத்த, வயித்துப் பாப்பா போயிடுச்சா?"

"போயிட்டே இருக்குடி தங்கம்" என்றேன்.

கீழே காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் போன் வந்தது. அதுவரை தம்பி, நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்னு தெரியும்ல? ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான்க்கா."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்!"

"ஆமாக்கா."

அவர் மறுத்துப் பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். அந்த வசதியையும் செய்து தரவில்லை. படிக்கட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, லிஃப்டைக் காற்றாடவிட்டு, வரலாம் என்று சொல்கிறவரை காரிலேயே கிடந்தேன்.

டாக்டரம்மா விசாரித்தார். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். "ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா மூணு வாரம் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார். வகுப்புகளை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பயம்தான். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கழுத்து, கை, வயிறு என்று தேடுவேன். ஒரு கொசுக்கடியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அது மறையும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆனால் அந்த நெற்றி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு நொடி நிற்காத பிள்ளை அது. மறுநாளே லிஃப்ட்காரருக்குப் போன் போட்டேன்.

"எப்ப மேல கூட்டிட்டுப் போறீங்க?"

"இனிமே போகமாட்டோம்க்கா. சத்தியமா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி. நான் வீட்டுக்குள்ளதான் இருக்கேன். கதவச் சாத்திக்கறேன். கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன், எறங்குனதும் ஒரு போன். பிள்ளைய எத்தன நாள் அடைச்சு வெப்பீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. "கெளம்பறோம்க்கா."

பலகை மாட்டினார். கூடவே கீழே ஒரு நாற்காலி போட்டு, படியில் யாரும் ஏறாதபடி மனைவியை உட்காரவைத்தார். தொழிலில் இதுவரை செய்யாத காரியம். மொட்டைமாடி என் கட்டிலுக்கு நேர் மேலே. அவள் ஓடிய ஓட்டத்தில் விளக்கு ஆடியது. வேறு நாளாக இருந்தால் அந்த இரவுக் காவல்காரரின் துடைப்பத்தை நானே கடன் வாங்கியிருப்பேன். படுத்துக்கொண்டு கேட்டேன்.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. பம்பரம் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர் மட்டும் தினமும் என் தாழ்வாரத்தின் கோடியில் நின்று, "ஏதாவது வந்துதாக்கா?" என்பார். "வரல, போங்க" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். முகம் பாதியாகிவிட்டது. வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மனைவி சொன்னார். எனக்கு அது கொஞ்சம் திருப்தியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று வாரமும் முடிந்து, டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல, குழந்தை நல்லா இருக்கு" என்று சொன்ன அன்று, நேரே இரண்டாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். லிஃப்ட்காரர் திறந்தார். சொன்னேன். வாசலிலேயே மடங்கி உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிறவரிடம் பேச ஆள் இல்லை. "சாப்டாச்சா தம்பி?" என்று நான்தான் கேட்டுவைத்தேன்.

உள்ளே பார்த்தால் பம்பரம். என் குரல் கேட்டதுமே வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டி நிற்கிறாள். உடம்பு சரியாகி, பள்ளிக்குப் போய், ஊர் முழுக்க ஓடியாடித் திரிகிற பிள்ளை. நான் தினமும் வயிற்றையும் கழுத்தையும் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார், டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வயிற்றோடு தரையில் உட்காருவது சாதாரண வேலை இல்லை. சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன்.

"திரும்புடி. போதும்."

திரும்பாமலேயே சொன்னாள். "பாப்பாவுக்கு வலிக்கும்."

"வலிக்காது. சரியாப் போச்சு. வா."

ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். கையை வாயிலிருந்து எடுத்து, எடுத்தது சரிதானா என்று கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு வந்தாள் பாருங்கள், கூடத்தின் கோடியிலிருந்து ஒரே ஓட்டமாக, தலை குனிந்து, நேரே வயிற்றில்.

"மெல்ல! மெல்ல!" என்று லிஃப்ட்காரர் பாய்ந்து வந்தார்.

"சும்மா இருங்க தம்பி" என்றேன். வலிக்கத்தான் செய்தது. அவளை விடவில்லை.