மேஜைத் துணியில் தைத்த மரம்

துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஆபீசுக்குக் கிளம்பிய காலையில் பூட்ஸ் காலில் ஏறவில்லை. மழைக்காலத்தில் தோல் சுருங்கியிருக்கும் என்று நினைத்து, எண்ணெய் தடவி, எப்படியோ நுழைத்துக்கொண்டு போனேன். மாலையில் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி பூட்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அழுத்தியதுபோல.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ நெடுநாள் படுத்திருக்கலாம். நீங்களே படுத்திருக்கலாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்களும் படிக்கட்டும், அவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. கப்பலில் வரும் சரக்குகளுக்கு பில் எழுதுவது என் வேலை. கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவனுக்கு அந்த வேலையைத் தவிர இங்கே வேறு பிடிப்பு கிடையாது.

டாக்டர் பாபு என் காலைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ‘பெரிபெரி’ என்றார் (கால் வீங்கி, நரம்பு மரத்து, முற்றினால் இதயத்தைத் தொடும் நோய்). தீட்டிய அரிசியால் வருகிறது என்பது அவர் கட்சி. பிற்பாடு பார்த்த இன்னொரு டாக்டர், அரிசி இல்லை, எண்ணெய் என்றார். எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் சந்தில் அந்த வருடம் பல வீடுகளில் கால் வீங்கியிருந்தது.

அரிசியை நிறுத்தினார்கள். கோதுமைக் கஞ்சி, பருப்பு, பால். பிறந்ததிலிருந்து என்னை வளர்த்த சோறு எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, மனம் பதறக் கூடாது. இதயம் இளைத்திருக்கிறது என்றார் டாக்டர்.

கம்பெனியிலிருந்து பெரிய பாபு (எங்கள் தலைமைக் குமாஸ்தா) சொல்லியனுப்பினார்: உடம்பைப் பார்த்துக்கொள், வருடம் பிறக்கும்வரை உன் இடம் உனக்குத்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதைத் தினமும் புதுப்பித்துத் தந்தவன் சேஷு. எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தவன், என்னைவிடச் சின்னவன், நான் சொல்லித்தான் அதே கம்பெனியில் சேர்ந்தான். டிராமை விட்டு இறங்கியதும் நேரே என் கட்டிலுக்கு வருவான்.

“அண்ணா, உங்க மேஜை உங்களுக்காகக் காத்துண்டிருக்கு. ஒரு ஈ உக்காரலே.”

“ஈ உக்காரலேன்னா தூசி உக்காந்திருக்கும். துடைக்கச் சொல்லுடா.”

“சொல்றேன், சொல்றேன். நீங்க முதல்ல எழுந்திருங்கோ.”

இந்தப் பேச்சு எனக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மேஜையில் உட்கார்ந்து பேனாவை நனைப்பேன்.

மார்கழிக் குளிர் தொடங்கியது. என் மகள் ராஜம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பொரோதின் (வங்காளிகள் கிறிஸ்துமஸைச் சொல்லும் பெயர்) வந்தால் அங்கே மலையிலிருந்து வந்த மரம் ஒன்றை நிறுத்துவார்கள். அவளுக்கும் வீட்டில் ஒன்று வேண்டுமாம்.

“நமக்கெதுக்குடி அது?” என்றாள் என் மனைவி அலமேலு.

“ஸ்கூல் மரம் மாதிரி வேண்டாம்மா. அது நாலு நாள்ல கொட்டிப்போயிடறது. குப்பைல தூக்கிப் போட்டுடறா. கொட்டாத மரமா, வருஷா வருஷம் எடுத்து வெக்கறாப்போல பண்ணணும். அப்பா சும்மாத்தானே படுத்துண்டிருக்கா?”

அலமேலு அவளை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. படுத்த பிறகு வந்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

கால் போனாலும் கை இருந்தது. துணியிலேயே மரம் தைப்பது என்று முடிவு செய்தேன். துணியை மர வடிவத்தில் ஒரே அளவாக நான்காக வெட்டுவது. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுக்கோட்டின் இரு பக்கமும், இடையே மூங்கில் நுழையும் உறைபோலத் தைப்பது. உறைக்குள் மூங்கிலைச் செருகி, மணல் போட்ட தொட்டியில் நட்டால் நாலு பக்கமும் கிளை விரியும். வேண்டாதபோது மூங்கிலை உருவிவிட்டுப் புத்தகம்போல மடித்துப் பெட்டியில் வைக்கலாம். பூவேலைக்கு நூல் வாங்க வேண்டியதில்லை. கீழ்வீட்டு வங்காளி அம்மாள் செய்வதுபோல, அலமேலுவின் கிழிந்த புடவைக் கரையிலிருந்து நூலை இழை இழையாக உருவிக்கொண்டோம். பச்சைத் துணிதான் இல்லை.

சேஷுவிடம் சொன்னேன். மறுநாளே ஒரு சுருள் கொண்டுவந்தான். ஆபீஸ் மேஜைமேல் ஒட்டுகிற பச்சைக் கம்பளித் துணி. “கோடவுன்ல பழசா கிடந்தது அண்ணா. நமக்கு ஆகும்னு எடுத்துண்டு வந்தேன்.”

அவன் மாடிக்குப் போனதும் துணியை மடியில் விரித்து, சுருக்கம் போகத் தடவினேன். வலது ஓரத்தில் என் கை நின்றுவிட்டது. அங்கே கம்பளியின் மயிர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. என் மணிக்கட்டு அதில் போய் அப்படியே உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில், பேனாக் கத்தி வழுக்கி ஒரு கிழிசல். அதை நானே தைத்திருந்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா?

காத்திருக்கும் மேஜையிலிருந்து யாரும் துணியை உரிக்கமாட்டார்கள். புதிதாக வந்தவன்தான் புதுத் துணி கேட்பான்.

சேஷுவைக் கூப்பிட்டேன். வந்து நின்றான்.

“இது யார் மேஜைத் துணிடா?”

“பழசு அண்ணா, யாரோடதோ...”

“என்னோடது.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. அலமேலுவைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

“எப்போலேர்ந்து?”

“காளி பூஜை முடிஞ்ச மறுவாரம்.” (இங்கே தீபாவளியை ஒட்டி வரும் பூஜை அது.)

“யாரைப் போட்டிருக்கா?”

ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் உருவிக்கொண்டிருந்த ராஜம், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “சேஷு மாமாவைத்தான்.”

“உனக்கும் தெரியுமா?”

“அம்மா சொல்லப்படாதுன்னா. சொன்னா உங்க ஹார்ட் நின்னுடுமாம்.”

என் இதயம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

“நான் வேண்டாம்னா வேற ஒருத்தனைப் போட்டிருப்பா அண்ணா,” என்றான் சேஷு. அது உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மையை அவன் அன்றைக்கே சொல்லியிருந்தால், படுத்தபடியே நாலு இடத்துக்குச் சொல்லியனுப்பியிருப்பேன். வேறு வேலைக்கு வழி பார்த்திருப்பேன். இல்லாத ஒரு மேஜையில் நான் உட்கார்ந்திருந்த வாரங்களை யார் திருப்பித் தருவது?

டாக்டர் வந்தபோது, மறைக்கச் சொன்னது நீங்களா என்று கேட்டேன். மனம் பதறாமல் பார்த்துக்கொள்ளத்தான் சொன்னேன், பொய் சொல்லச் சொல்லவில்லை என்றார். பையை மூடிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். அலமேலு அடுப்பங்கரையிலிருந்து, “ஏன்னா, உங்களை உயிரோட வெச்சுக்கணும்னு நினைச்சது தப்பா?” என்றாள். என் கோபம் போகவில்லை.

நோயாளிக்கு ஒரு விஷயம் உண்டு, பிள்ளைகளே. அவனுடைய காலே அவனை ஏமாற்றியிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று உடம்பு அவனிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறது. அவன் சுற்றியிருக்கும் முகங்களைப் பார்த்துத்தான் தன் நிலையைத் தெரிந்துகொள்கிறான். அந்த முகங்களும் மறைத்தால் அவன் எங்கே போவான்? அதற்குப் பிறகு, அலமேலு வீக்கம் குறைந்திருக்கிறது என்றாலும் நம்பவில்லை. கஞ்சி நன்றாக இருக்கிறதா என்றால்கூடச் சந்தேகமாகப் பார்த்தேன்.

துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். சில நாள் கழித்து ராஜம் அதை இழுத்து என் மடியில் போட்டாள்.

“இன்னும் என்னென்ன மறைச்சிருக்கேள்? எல்லாத்தையும் சொன்னாத்தான் தைப்பேன்,” என்றேன்.

யோசித்தாள். “உங்க குடை சேஷு மாமாகிட்ட இருக்கு. பூட்ஸை அம்மா யாருக்கோ கொடுத்துட்டா, இனிமே ஏறாதுன்னு. அப்பறம்... கணக்குல நான் ஃபெயில்.”

“எப்போ?”

“அதுவும் காளி பூஜைக்கு மறுவாரம்தான்.”

தைத்தோம். தேய்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட நினைத்தேன். எறிந்தால் நான்காவது துண்டுக்குத் துணி போதவில்லை. ஆகவே அதுவும் சேர்ந்தது. மற்ற இடமெல்லாம் ராஜம் கேட்டபடி சங்கிலித் தையலில் கமலா ஆரஞ்சு, டிராம், ஜன்னல் கம்பியில் உட்காரும் காகம். அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் போடவில்லை.

பொரோதின் அன்று சேஷு ஆரஞ்சுப் பழங்களோடு வாசலில் நின்றான். அலமேலு காபி கொடுத்தாள். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அவனோடு பேசுகிறேன், அவனிடம் எதையும் கேட்பதில்லை.

கோடையில் வீக்கம் வடிந்தது. அதற்கு முன்பே, நான் எழுந்திருக்காமலே வருடம் பிறந்து, பேருக்கு இருந்த வேலையும் போயிருந்தது. இப்போது ஒரு வக்கீலுக்கு வீட்டிலிருந்தே பத்திரங்கள் படியெடுத்துக் கொடுக்கிறேன். பாதங்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. தரை சூடா ஈரமா என்று தெரியாது. குனிந்து பார்த்தால்தான் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியும். நடக்கும்போது என் கால்களைப் பிறத்தியார் கால்களைப்போலக் கவனித்துக்கொண்டு போகிறேன். முன்பெல்லாம் ஒரு வருடம் என்றால் அது என் கையில் இருப்பதாக நினைப்பு. இப்போது ஒரு வாரத்துக்கு அப்பால் உள்ள எதையும் நான் பேசுவதில்லை.

அடுத்த பொரோதினுக்கு மரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். ஒரு மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. ராஜம் மூங்கிலைப் பிடிக்க, நான் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு துணியை மாட்டினேன். பண்டிகை முடிந்து மடிக்கும்போது கேட்டாள்:

“அடுத்த வருஷமும் நாம ரெண்டு பேருமா நிறுத்தலாமாப்பா?”

முன்பென்றால், அதற்கென்ன, நிறுத்தலாம் என்றிருப்பேன். அலமேலு அடுப்பங்கரை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள், அப்படிச் சொல்லிவிடுங்கள் என்பதுபோல.

“தெரியலைம்மா,” என்றேன். “மரம் இருக்கும். நானும் இருக்கப் பாக்கறேன்.”

அவள் அழவில்லை. மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சரி. அப்போ அந்த நடுத் தையல் எப்படிப் போடறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுத்துடுங்கோ. பிரிஞ்சா நானே தைச்சுக்கறேன்.”

ஊசியை எடுத்துவரச் சொன்னேன்.