ஓட்டையில்லாமல் இளைத்த பை

டீ ஆறி மேலே ஆடை படிந்ததும் அண்ணி குனிந்து, கோப்பையின் ஓரத்திலிருந்து மெதுவாக ஊதுவார். ஆடை சுருங்கி, மடிந்து, எதிர்ப்பக்கம் ஒதுங்கும். "பாரு தம்பி, எப்படி நெளியுது!" குடிக்க மறந்துவிடுவார். ஆனால் அதில் வேறு யாரும் ஊதக் கூடாது. என் அண்ணனுக்குக்கூட அனுமதி இல்லை.

துணி உலர்த்தப் போனால் லேசில் திரும்பமாட்டார். "காஞ்சிருச்சா அண்ணி?" என்று கேட்டால், "இருடா, காத்துல போர்வை எப்படி மடியுதுன்னு பாத்துட்டு வரேன்" என்பார். மழை வந்து போர்வையும் அண்ணியும் சேர்ந்து நனைந்ததும் உண்டு.

அண்ணியின் பிழைப்பே அதுதான். ஓடும் திரவத்துக்குள் மெல்லிய சவ்வு எப்படி வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாக ஓட்டுவார். செயற்கை இதய வால்வு செய்யும் டாக்டர் ஒருவர் அந்தக் கணக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் அண்ணியின் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

சோதனைக்காகத் திரையில் தண்ணீருக்குள் வாய் மூடிய பை ஒன்றை மிதக்க விட்டிருந்தார். உள்ளேயும் தண்ணீர்தான். ஓட்டை கிடையாது. ஆனாலும் பை மெல்ல மெல்ல இளைத்தது. "தண்ணிய அமுக்க முடியாது தம்பி, அது என்ன உங்கண்ணனா? உள்ள இருந்தது எங்கயோ போகுது. என் கணக்குலதான் கசியுது." வீட்டில் எல்லாரும் பையின் உடல்நலம் விசாரிக்கத் தொடங்கினோம்.

கூட வேலை செய்பவர் ஒரு வழி சொன்னார். "இளைக்க இளைக்கக் கொஞ்சம் ஊதி விட்டுருங்க மேடம். புரோகிராம்ல ஒரே ஒரு வரிதான். யாருக்குத் தெரியப்போகுது?" சொன்னதோடு நில்லாமல் அந்த வரியை அவரே சேர்த்தும் விட்டார். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது. அன்று அண்ணி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டர் வந்த நாளில் அண்ணியோடு ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டி தூக்கிப் போனவன் நான். மேசையில் எல்லாருக்கும் டீ வைத்திருந்தார்கள். திரையில் பை கும்மென்று நின்றது. டாக்டர் திருப்தியாகத் தலையசைத்தார். அதுதான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். எல்லார் கண்முன்னும் பை இளைத்தது.

"எங்க கசியுது?" என்றார் டாக்டர்.

"தெரியல. அது தெரியாம ஊதிக்கிட்டே இருந்தா, நாளைக்கு ஒருத்தர் நெஞ்சுக்குள்ள எந்த தைரியத்துல வால்வை வைப்பீங்க?"

 டாக்டர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "சவ்வு ஓரத்தைப் பெருசாக்கிக் காட்டுங்க. சேர்ந்தே தேடுவோம்."

அண்ணி, ஆடை படிந்திருந்த தன் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "முதல்ல இதுல ஊதிப் பாருங்க."