லாஞ்சுத் துண்டும் எங்கள் கோல்கீப்பரும்

எங்கள் குப்பத்து ஃபுட்பால் கிளப் வருஷத்தில் இரண்டு மாதம்தான் உருப்படியாக ஆடும். மீன் முட்டை போடுகிற காலம் என்று சர்க்கார் விசைப்படகுகளை, நாங்கள் லாஞ்சு என்போம், கடலுக்குப் போகவிடாமல் நிறுத்தி வைக்கிற தடைக்காலம் அது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காசிமேட்டு லாஞ்சுகளில் வேலை பார்க்கிறவர்கள். தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருப்பார்கள், அவரவர் இடத்தில் அவரவர் நிற்பார்கள், ஜெயிப்போம். லாஞ்சு கிளம்பிவிட்டால் கரையில் எவன் இருக்கிறானோ அவன்தான் டீம். ஐஸ் உடைக்கிறவன் ஃபார்வர்டு ஆடுவான். முந்தின நாள் கல்யாணத்தில் தின்றது செரிக்காதவன் பின்னால் நிற்பான். தோற்போம். இது தெரிந்தேதான் இத்தனை வருஷமாக நானும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை நான் பந்து பார்க்கப் போகவில்லை. என் சின்ன மகன் கோல்கீப்பர். கையுறையை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு, மிச்ச மீன் கூடையோடு பஸ் ஏறி தி.நகர் பக்கம் மேட்ச் நடக்கிற ஸ்கூல் கிரவுண்டுக்குப் போனேன். கூடையை உள்ளே விடமாட்டேன் என்றார் வாட்ச்மேன். அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் கையுறையைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அதற்குள் எவனோ ஓங்கி அடித்த பந்தை என் பிள்ளை வலையை இழுக்கிற மாதிரி நெஞ்சோடு இழுத்துப் பிடித்தான். அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கும் தோற்றோம்.

அதற்குப் பிறகு ஒரு மேட்ச் விட்டதில்லை. பையன்கள் எல்லாருக்கும் நான் ஆயா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ரெஃப்ரி விசிலை எதற்கு ஊதினான் என்று ஊதும்போதே தெரியும். எதிர்ப் பக்கத்து ஆட்கள் என்னைச் சீண்டுவார்கள்.

"இன்னா ஆயா, மீனு வாசனதான் வருது, கோல் ஒன்னும் வரலியே?"

"மீனு வாசன சோப்பு போட்டா போய்டும் நைனா. உங்க கீப்பரு நிக்கிற நிப்ப எதுல போட்டுக் கழுவுவ?"



போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தது அந்த மேட்ச். கடைசிக்கு முந்தின டிவிஷனில் கடைசி இடத்தில் இருந்தோம். ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா செய்தால் போதும், தப்பித்துவிடுவோம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். கீழே இறங்கிய கிளப்புகள் ஒவ்வொன்றாகப் பெயரே இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். எதிரி, பெருங்குடிப் பக்கத்து ஆபீஸ் பையன்கள். நல்ல ஷூ, நல்ல சாப்பாடு, தண்ணீர் குடிக்கக்கூட ஆளுக்கு ஒரு பாட்டில். இருந்தாலும் தடைக்காலம் முடியவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குக் காலையில்தான் என் மகன் வேலை செய்கிற லாஞ்சுக்குப் பூஜை. தடை முடிவதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நாள் பார்த்து, பெயின்ட் அடித்து, முன்மூக்கு அணியத்தில் மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். பிறகு ஓனர் வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டை ஒவ்வொருவன் கையிலும் கொடுப்பார். வாங்கிக்கொண்டவன் தடை முடிந்து கிளம்புகிற முதல் ஓட்டத்துக்கு ஏறியாக வேண்டும். சீக்கு, சாவு தவிர வேறு பேச்சுக் கிடையாது. அவனை நம்பித்தான் மற்றவர்கள் கடலுக்குள் போகிறார்கள். என் மகன் வாங்கினான். வீட்டுக்கு வந்து துண்டை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் முதல் பாதி முடியும்வரை கோல் இல்லை. அடையாறுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழை ஒரேயடியாகக் கொட்டியது. கோல் கம்பத்துக்கு முன்னால் கெண்டை விடலாம், அவ்வளவு தண்ணீர். ரெஃப்ரி பந்தை நடுவில் போட்டுப் பார்த்தார். பந்து மிதந்தது. மேட்சை நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்று வேறு நாள் குறித்தார்கள். அந்த நாள், தடை முடிந்து லாஞ்சுகள் கிளம்புகிற நாளுக்கு மறுநாள்.

எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் லாஞ்சுக்குப் போகிறவர்கள். மற்ற இடங்களுக்கு எப்படியோ ஆள் தேடலாம். கோலுக்கு ஆள் இல்லை. கேப்டன் வீட்டுக்கு வந்தான். மீன் வண்டி ஓட்டுகிற பிள்ளை, பின்னால் ஸ்டாப்பர் ஆடுவான்.

"ஆயா, உம் புள்ளைய ஒரு நாளு நிறுத்து."

"துண்டு வாங்கிட்டான்பா."

"துண்டுதானே? திருப்பிக் குட்த்துடலாம். நானே போய்க் குட்த்துட்டு வரேன்."

"நம்ம குப்பத்துல எவனாவது குட்த்துக்கிறானா? சொல்லு பாக்கலாம்."

என் மகன் வாசற்படியில் உட்கார்ந்து கையுறையில் பிரிந்த தையலைத் தைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்.

"எம்மா, ஜொரம்னு சொல்லிடறேன். அவ்ளோதானே?"

"சொல்லிட்டு கிரவுண்டுல போய் நிப்பியா? காசிமேட்டுக்காரன் எவனும் அங்க வரமாட்டான்னு நெனச்சிக்கினியா?"

"உனுக்கு டீம் கீழ போனா பரவால்லியா?"

எனக்குப் பரவாயில்லையா என்று கேட்கிறான். கிரவுண்டு வெயிலில் கருவாடாகக் காய்ந்தவளைப் பார்த்துக் கேட்கிறான். கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொன்னேன்.

"கை நீட்டி வாங்கிட்ட. போய் ஏறு. உன்ன நம்பி வலைய எறக்குறவன் கடல்ல கீறான். பந்து கரையிலதான் கீது."

கேப்டன் எழுந்துகொண்டான். "நல்லா கீது ஆயா. எவனோ எதிரி டீம்காரன் செய்யற வேலைய நீ செஞ்சிட்ட" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வைத்துக்கொடுத்த டீ அப்படியே இருந்தது.

என் மகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாஞ்சு ஏறினான். கையுறையை எடுத்துக்கொண்டு போகவில்லை. வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் கையுறையைக் கூடையில் மீனுக்கு மேலே ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நான் தப்புச் செய்தவள் இல்லையே, எதற்கு ஒளிய வேண்டும்? எங்கள் ஆட்கள் நின்ற இடத்துக்குப் போனேன். ஒவ்வொருவராகத் தள்ளிப் போய் நின்றார்கள். வாட்ச்மேன் ஒருவர்தான் "என்னம்மா, இன்னைக்கு உங்க புள்ளையக் காணோம்?" என்று கேட்டார்.

கோலில் பழைய கீப்பர் நின்றார். ஆட்டோ ஓட்டுகிறவர், ஆட்டத்தை விட்டு ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ஜெர்சி அவருக்குத் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. என் மகனுடைய கையுறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டார்.

"கவலப்படாத ஆயா. ஆட்டோல எத்தினி பேரு குறுக்க வரான், எவனையாவது தாண்ட விட்டுக்கிறேனா? இது வெறும் பந்து."

சொன்ன மாதிரியே ஆடினார். விழுந்தார், எழுந்தார், முகத்தில் ஒரு பந்தை வாங்கினார். மூச்சு வாங்குவது எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கேப்டன் அவருக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றான். ஆபீஸ் பையன்கள் அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், உள்ளே போகவில்லை. தள்ளிப் போய் நின்றவர்கள் மெல்ல மெல்ல என் பக்கம் வந்துவிட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

முடிகிற நேரத்தில் ஒருவன் இடது மூலைக்குத் தரையோடு ஒன்று அடித்தான். பெரிய அடி இல்லை. ஆட்டோக்காரர் விழுந்தார். விழுந்து முடிப்பதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. விசில் ஊதினதும் கேப்டன் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டான். யாரும் யாரையும் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

லாஞ்சு திரும்புகிற அன்றைக்குக் காசிமேட்டுக்குப் போனேன். என் மகன் இறங்கி வந்தான். வெயிலில் உதடு வெடித்திருந்தது. போனில் சிக்னல் வந்தும் மேட்ச் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லையாம்.

"எத்தினி?"

"ஒன்னுதான்."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். தரையோட."

"அத்த நான் புட்ச்சிருப்பேன்" என்றான்.

"புட்ச்சிருப்ப" என்றேன். பொய் சொல்லி ஆறுதல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

பையன்கள் என்னோடு பேசவில்லை. கேப்டன் என் கடைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி அடுத்த கடைக்காரியிடம் பேசிவிட்டுப் போவான். போகட்டும் என்று விட்டுவிட்டேன். கிளப்பையே கலைத்துவிடப் போவதாகக்கூடச் சொன்னார்கள். என் மனசு கேட்கவில்லை, ஆனால் நானாகப் போய்க் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேப்டன் என் கடை முன்னால் வந்து நின்றான். பின்னால் ஆட்டோக்காரர். கேப்டன் கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு நீலத் துண்டு.

"இன்னாடா இது?"

"கிளப்புக்குப் பூஜ போட்டோம் ஆயா. இனிமே நாங்களும் துண்டு குடுக்கப் போறோம். வாங்குனவன் எல்லா மேட்சும் ஆடணும். லாஞ்சுக்குப் போறவனுக்குக் கெடையாது. கரையில கீறவன் மட்டும்தான்."

"அப்ப எம் புள்ளைக்கு இல்ல."

"இல்ல. அண்ணந்தான் கீப்பரு" என்று ஆட்டோக்காரரைக் காட்டினான். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"சரி. இத்த எதுக்கு என்னாண்ட எடுத்துக்கினு வந்த?"

"நீயும் கரையிலதானே கீற?"

கை ஈரமாக இருந்தது, செதில் ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். பக்கத்துக் கடைக்காரி, "வாங்காதடீ, இத்த வாங்கிட்டா அப்புறம் ஆயுசுக்கும் தோக்கறதப் பாத்துக்கினு கெடக்கணும்" என்று கத்தினாள். வாங்கியாகிவிட்டது.

கீழ் டிவிஷன் கிரவுண்டு வேளச்சேரியில். மேட்ச் காலையில், நல்ல வியாபார நேரத்தில். முதல் மேட்சுக்கு மயிலாப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன், தோளில் துண்டு. என் மகன் அன்றைக்குக் கடலில் இருந்தான். இரண்டு கோல் வாங்கினோம். ஒன்று இடது பக்கம், தரையோடு. திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "எடது பக்கம் கொஞ்சம் பாத்துக்கோப்பா" என்றேன். "பாக்கறேன் ஆயா, குனியத்தான் முடியல" என்றார்.