அறிமுகக் குறிப்பில் ஒரு தட்டச்சர்

“மேடம், நீதிமன்றத்துல என்ன வேலை பார்த்தீங்க?”

“டைப்பிஸ்ட்.”

“நிர்வாகப் பொறுப்பு ஏதாவது?”

“ரிப்பன் மாத்துற பொறுப்பு இருந்துச்சு. கம்ப்யூட்டர் வந்ததும் அதுவும் போச்சு.”

“இல்ல மேடம், அறிமுகக் குறிப்புல போடணும். மத்தவங்க முன்னாடி எந்தப் பல்கலைக்கழகத்துல இருந்தாங்கன்னு எழுதியிருக்காங்க.”

“நான் இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டுல இருந்தேன். டைப்பிஸ்ட்டுன்னே போடும்மா. அப்புறம், இந்த மேடம் வேணாம், காது கூசுது. அக்கான்னு கூப்பிடு.”

கலைப்புலத்தில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களைப் பற்றி இரண்டு மொழிகளில் குறிப்பு எழுதுவது அலுவலகப் பெண்ணின் வேலை. ஆளுக்கு அறுபது சொல். வரவேற்புக் கூட்டத்தில் அது வாசிக்கப்படும். அந்த ஆண்டு வந்த ஐந்து பேரில் நான்கு பேர் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றும் இருநூறு சொல்லுக்குக் குறையாது. வரலாற்றுத் துறைக்கு வந்த அக்கா மட்டும்தான் மூன்று மாடி ஏறி நேரில் வந்தார்.

கல்யாணமான மறுவருடம் கோர்ட்டு வேலையில் சேர்ந்தவர். சாட்சி பேசுவார், நீதிபதி அதை எழுத்து நடைக்கு மாற்றிச் சொல்வார், அக்கா தட்டுவார். ஒருமுறை ஒரு பால்காரர், “அடிச்சான், விழுந்தேன்” என்றார். “நான் தாக்கப்பட்டு நிலைகுலைந்தேன்” என்று கோப்பில் ஏறியது. அதைப் படித்துக் காட்டியபோது அவர், “இது யார் சொன்னதுங்க?” என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய், பிள்ளையின் பழைய நோட்டில் இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார்.

அப்படிப் பதினாறு நோட்டுகள் சேர்ந்தன. இடையில் அஞ்சல் வழியில் ஒரு பட்டம், பிறகு இன்னொன்று, அதன் பிறகு ஆராய்ச்சி. பஸ்ஸில் படித்தார், அடுப்படியில் எழுதினார். “இவ்வளவு படிச்சதுக்கு வக்கீலாவது ஆகியிருக்கலாம்” என்று நாத்தனார் குத்திக்காட்டியபோது, “வக்கீல்னா பேசணும் அண்ணி. எனக்குக் கேக்கத்தான் வரும்” என்றாராம். நூறு வருடத்துச் சாட்சியங்களில் எது சாட்சியின் வாய், எது எழுதியவர் கை என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டியது அவருடைய ஆய்வேடு. வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்க வந்த பேராசிரியர் கடைசியில் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

குறிப்பு துறைத் தலைவரிடம் போனது. நேர்காணலில் அக்காவைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். ஆனாலும் ‘தட்டச்சர்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘நீதித்துறையில் நீண்ட அனுபவம் மிக்கவர்’ என்று எழுதினார்.

“நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். டைப்பிஸ்ட்டுன்னு கேட்டா பசங்க முதல் நாளே எளக்காரமாப் பார்ப்பாங்க.”

“சரி சார்” என்று தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவதுதான் அந்தப் பெண்ணின் வழக்கம். அன்று கால் நகரவில்லை.

“சார், சொன்னது ஒண்ணு, எழுதினது ஒண்ணுன்னுதானே அவங்க ஆராய்ச்சியே?”

தலைவர் மறுபடியும் பேனாவை எடுத்தார். தாம் எழுதியதைத் தாமே அடித்தார். “சரி, போட்டுக்கோ. எப்படியும் மேடையில வாசிக்கப் போறது நான்தானே.”

அச்சான தாளை அவள் எடுத்துக்கொண்டு போனபோது, அக்கா தம் புது அறையில் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிழை பார்ப்பவரைப் போல விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

“நாளைக்கு எங்க கோர்ட்டுல இருந்து மூணு பேர் லீவு போட்டுட்டு வர்றாங்க. மூணு பேரும் டைப்பிஸ்ட்டுங்க” என்றார். “சார் நல்ல மனுஷன். ஆனா அந்த வார்த்தை வரும்போது தொண்டையைச் செருமி முழுங்கிடுவார். எத்தனை பேர் முழுங்கிப் பார்த்திருக்கேன். நீ மேடைன்னாலே ஒதுங்குற பொண்ணு, பார்த்தாலே தெரியுது. இருந்தாலும் கேக்கறேன். சார்கிட்ட நான் சொல்லிக்கறேன், என் குறிப்பை மட்டும் நீ வாசிக்கிறியாம்மா?”